சமையலறையில் சூரிச் நேரம்

என் சமையலறை மணிக்கூடு ஒரு மணித்தியாலம் முன்னே ஓடுகிறது. பழுது ஒன்றும் இல்லை, நான்தான் அப்படி வைத்திருக்கிறேன். லண்டன் நேரம் வேண்டுமென்றால் மைக்ரோவேவில் இருக்கிறது, போனில் இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் நாயைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிடுவதிலும் இருக்கிறது. சுவரில் இருப்பது சூரிச் நேரம். அங்கே இருக்கும் அண்ணை எழும்பியிருப்பாரா, ஹோட்டல் குசினியில் நிற்பாரா, ஷிப்ட் முடிந்து டிராமில் ஏறியிருப்பாரா என்று அடுப்படியில் நின்றபடியே தெரிந்துகொள்ள அது போதும். ஒன்றைக் கூட்டிப் பார்க்க எனக்குத் தெரியாது என்றில்லை. ஒவ்வொரு முறை கூட்டும்போதும் அவர் இங்கே இல்லை என்பதும் சேர்ந்து நினைவுக்கு வந்தது. அதனால் மணிக்கூட்டையே திருப்பிவிட்டேன்.

வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இது பொறுக்காது. "உங்கட மணிக்கூடு பிழை" என்று சொல்லிவிட்டுத்தான் கதிரையில் இருப்பார்கள். ஒரு முறை மகள் வந்தபோது கதிரையில் ஏறி அதைத் திருத்திவிட்டும் போய்விட்டாள். எனக்கு அது தெரியாது. அந்தக் கிழமை இரண்டு நாள் அண்ணையை நித்திரையால் எழுப்பி நன்றாக ஏச்சு வாங்கினேன்.

நாங்களும் முதலில் சூரிச்சில்தான் இருந்தோம். ஒரே கட்டிடம். அண்ணையும் அண்ணியும் கீழ் மாடி, நானும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் மேல் மாடி. நடுவில் பதினாறு படி. அண்ணை வேலையால் வந்து கதவைத் திறந்தவுடன் "வந்திட்டன்" என்பார். உள்ளேயிருந்து அண்ணி "ஓம், வாங்கோ" என்பார். இது எனக்கு மேலே கேட்கும். தினமும் வருகிற மனிதர் வந்துவிட்டேன் என்று தினமும் அறிவிப்பதும், அதற்கு அண்ணி தினமும் உத்தரவு கொடுப்பதும் எனக்குச் சிரிப்பாக இருக்கும். நானும் மேலே இருந்து அண்ணியின் குரலில் "ஓம், வாங்கோ" என்று பழிப்பேன். அண்ணை படியடியில் வந்து நின்று "வாய் கூடிப்போச்சு உனக்கு" என்று கத்துவார்.

பிறகு எங்கள் சனம் எல்லாம் செய்ததை நாங்களும் செய்தோம். பிள்ளைகள் இங்கிலிஷில் படிக்க வேண்டும், சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடமும் கோயிலும் பக்கத்தில் வேண்டும் என்று லண்டன் ஹரோவுக்கு வந்து சேர்ந்தோம். பதினாறு படி, ஏறத்தாழ எண்ணூறு கிலோமீட்டர் ஆனது.

அந்தக் காலத்தில் அண்ணையும் அண்ணியும் கோச் பஸ்ஸில்தான் வருவார்கள். ஓர் இரவும் அரைப் பகலும் பயணம். இறங்கும்போது இருவரின் கால்களும் வீங்கியிருக்கும். இரண்டு பெரிய சூட்கேஸ், ஒரு சோக்லேட் பெட்டி, அண்ணியின் தலையணை. அவ்வளவு கஷ்டப்பட்டு வந்தவர்கள் உடனே திரும்பிப் போவார்களா? பதினைந்து நாள் ஆற அமர இருப்பார்கள். அண்ணி என் குசினியைத் தன் இஷ்டத்துக்கு மாற்றி அடுக்கிவைத்துவிட்டுப் போவார். அவர் போன பிறகு ஒரு மாதத்துக்கு நான் மிளகாய்த்தூளைத் தேடுவேன்.

திரும்பி வீடு போய்ச் சேர்ந்ததும் ஒரு றிங் விடுவார்கள். ஒரே ஒரு றிங், பிறகு வெட்டிவிடுவார்கள். சுகமாகச் சேர்ந்துவிட்டோம் என்று அர்த்தம். எடுக்கக் கூடாது. வெளிநாட்டு அழைப்பு யானை விலை விற்ற காலத்தில் எங்கள் ஆட்கள் கண்டுபிடித்த தந்தி அது. இப்போது எல்லாம் இலவசம், முகம் பார்த்தே கதைக்கலாம். ஆனாலும் அண்ணை இன்றைக்கும் ஒரு றிங்தான் விடுவார். நானும் எடுப்பதில்லை. போன் ஒரு தரம் அடித்து ஓய்ந்தால் என் மனமும் ஓயும்.

பிறகு விமானம் வந்தது. அது முன்பும் இருந்ததுதான், எங்களுக்குக் கட்டுப்படியாகும் விலைக்குப் பிறகுதான் வந்தது. சூரிச்சில் காலை ஏழேகாலுக்கு ஏறினால் லண்டனில் எட்டு மணிக்கு இறங்கலாம் என்று டிக்கெட்டில் இருக்கும். இங்கிருந்து பின்னேரம் ஐந்து மணிக்கு ஏறினால் அங்கே ஏழே முக்கால். உண்மையில் இரண்டு பக்கமும் ஒன்றே முக்கால் மணித்தியாலம்தான். இரண்டு ஊர் நேரங்களுக்கும் இடையில் உள்ள ஒரு மணித்தியாலம் செய்கிற வேலை இது. ஆனால் நான் விடுவேனா?

"அண்ணை, நீங்கள் இங்கை வர முக்கால் மணித்தியாலம். நான் அங்கை வர ரெண்டே முக்கால். ஆருக்குக் கிட்ட? நீங்கள்தான் வரோணும்."

"கணக்கு சரிதான் பிள்ளை" என்பார் அண்ணை. அந்தக் கள்ளக் கணக்கை இருவரும் சேர்ந்து பல வருடம் காப்பாற்றினோம். அவர்களும் வந்துகொண்டேயிருந்தார்கள்.

என் கணவர் திடீரென்று இறந்துபோனபோது அண்ணி ஒரு மாதம் என்னுடன் இருந்தார். அதற்குப் பிறகு பிள்ளைகளும் வேலை வேலை என்று வேறு ஊர்களுக்குப் போனார்கள். தனிய இருக்கப் பழகிவிட்டது என்று எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். நல்ல பொய்களை அடிக்கடி சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மறந்துபோகும்.

மூன்று வருடத்துக்கு முன் அண்ணியும் போய்விட்டார்.

அதன்பின் ஒரு முறை வந்து மூன்று நாள் நின்ற அண்ணை, பிறகு ஒரு புதுப் பழக்கம் தொடங்கினார். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை வருவார், அன்றைக்கே திரும்பிப் போய்விடுவார். காலை விமானத்தில் வந்து பின்னேர விமானத்தில் போகிற ஆளுக்கு சூட்கேஸ் எதற்கு? மரக்கறி வாங்கப் போகிற பை மாதிரி ஒன்றைத் தோளில் கொழுவிக்கொண்டு காலில் சுடுதண்ணி ஊற்றியவர் போல வந்து நிற்பார். தங்குங்கோ என்று ஒருவரும் சொல்ல முதலே "நாளைக்கு ஷிப்ட்" என்பார். அவருக்கு ஞாயிறும் திங்களும் லீவு என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

எனக்குக் கோபம்தான். யாரோடு கோபிப்பது என்று தெரியாமல் விமானத்தோடு கோபித்தேன். கோச்சில் வந்த காலத்தில் பதினைந்து நாள் இருந்தவர், முக்கால் மணித்தியாலத்தில் வரத் தொடங்கியதும் முக்கால் நாள்கூட இருக்கிறார் இல்லை. தூரம் குறைந்ததால் வந்த வினை என்று நினைத்தேன். கேட்கிறவர்களுக்கெல்லாம் அந்த விளக்கத்தையே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அவர் போன பிறகு வீடு இன்னும் மோசமாக இருக்கும். ஒருவரும் வராத ஞாயிற்றுக்கிழமையை என்னால் கழித்துவிட முடியும். வந்துபோன ஞாயிற்றுக்கிழமையின் பின்னேரம்தான் ஏலாது. இரண்டு தேத்தண்ணிக் கோப்பை கழுவ வேண்டியிருக்கும். அதைக் கழுவாமல் திங்கள் வரைக்கும் வைத்திருப்பேன்.

போன ஜூலையில் வருகிறேன் என்று சொன்னபோது, இந்த முறை விடுவதில்லை என்று முடிவெடுத்தேன். ஒரே ஓர் இரவு. அதற்கு மேல் எனக்கு ஆசை இல்லை. இந்த வீட்டில் இன்னொருவர் படுத்து எழும்ப வேண்டும், காலையில் நான் இரண்டு பேருக்குத் தேத்தண்ணி போட வேண்டும். மேல் அறைக் கட்டிலுக்குத் தோய்த்த விரிப்பு விரித்தேன். புதுத் தலையணை வாங்கினேன். கால்மாட்டில் ஒரு துவாயை மடித்து வைத்தேன். வாயால் கேட்கவும் முடிவு செய்திருந்தேன். மூன்று வருடமாக நான் நேராகக் கேட்டதே இல்லை. கேட்டால் மாட்டேன் என்று சொல்லிவிடுவார், கேட்காவிட்டால் அவர் மாட்டேன் என்று சொல்லவில்லை என்றாவது இருக்கும். அப்படிக் கோழையாகத்தான் இருந்தேன்.

சமையலிலும் ஒரு சூழ்ச்சி செய்தேன். நண்டு. நண்டு அவசரத்தில் சாப்பிடுகிற சாப்பாடு இல்லை. உடைத்து, உறிஞ்சி, தோண்டி, விரலை நக்கி, ஒன்றரை மணித்தியாலமாவது இருந்தால்தான் நண்டுக்கு மரியாதை. முருங்கை இலை போட்டு, குழம்பைக் கொஞ்சம் உறைப்பாகவே வைத்தேன். உறைத்தால் இன்னும் ஆறுதலாகச் சாப்பிடுவார். சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொருகும், அந்த நேரம் பார்த்துக் கேட்பது என்று திட்டம்.

ஒன்பதரைக்கு வந்தார். மெலிந்திருந்தார். தேத்தண்ணி குடித்தோம், அவருடைய முழங்கால் நோவைப் பற்றியும் என் பிள்ளைகளைப் பற்றியும் கதைத்தோம். பிறகு குசினி மேசையில் இருந்து சாப்பிடத் தொடங்கினோம். அவர் எப்போதும் முன் அறையில் இருந்துதான் சாப்பிடுவார். நண்டு என்றபடியால் அன்று குசினியில். மணிக்கூட்டுக்கு நேர் முன்னால் இருந்தார்.

இரண்டாவது நண்டின் காலைக் கடித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஐயோ, ஒண்டே முக்கால் ஆகப் போகுது. நேரம் போயிட்டுது பிள்ளை."

ஒன்றே முக்காலுக்கு வெளிக்கிட்டால்தான் ஐந்து மணி விமானத்தைப் பதற்றம் இல்லாமல் பிடிக்கலாம். அது எங்களுக்குள் எழுதாத சட்டம். நானும் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒன்று நாற்பது. எப்போதும் அதைப் பார்த்தால் என் தலை தானாக ஒன்றைக் கழிக்கும். அன்று கழிக்கவில்லை. அந்த நேரத்துக்குச் சொந்தக்காரரே கீழே இருந்து சாப்பிடும்போது எதைக் கழிப்பது? சூரிச் நேரம் என் வீட்டில் சரியான நேரமாக இருந்த ஒரே நாள் அது. அண்ணையோ, விமானத்தில் தன் கைக்கடிகாரத்தை மாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார். மாற்றவில்லை. ஒரு பொய்க்கு இன்னொரு பொய் சாட்சி சொன்னது.

அரைவாசி நண்டு சாப்பாட்டுக் கோப்பையில் கிடக்க எழும்பிக் கை கழுவினார். கேட்க வைத்திருந்த கேள்வியை நான் கேட்கவில்லை. கோபம் வந்தால் எனக்கு வாய் வராது, கைதான் வரும். சட்டிகளைச் சத்தமாக வைத்தேன். பஸ் தரிப்பிடம் வரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கூடப் போனேன். ஹரோவிலிருந்து நேராக ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் போகிற பஸ் உடனே வந்தது. வேறு நாட்களில் இருபது நிமிடம் நிற்க வைக்கும்.

"போட்டு வாறன்" என்றார்.

"ஓம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து, ஆறிப்போன சோற்றைச் சூடாக்கலாம் என்று மைக்ரோவேவ் முன்னால் நின்றபோதுதான் கண்டேன். பன்னிரண்டு ஐம்பத்தெட்டு. சுவரைப் பார்த்தேன். ஒன்று ஐம்பத்தெட்டு. மூன்று மாதமாகக் காத்திருந்த ஆளை ஒரு மணித்தியாலம் முந்தியே நானே கொண்டுபோய் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்திருக்கிறேன்!

அவருக்குப் போன் எடுக்கவும் வழியில்லை. சுவிஸ் எல்லை தாண்டினால் போனை நிறுத்திப் பைக்குள் போட்டுவிடுகிற ஆள். வீட்டுச் செருப்போடு ஓடினேன். அடுத்த பஸ் பதினைந்து நிமிடத்தில் வந்தது. மேல்தட்டில் முன் இருக்கையில் இருந்தேன். ஒவ்வொரு தரிப்பிடத்திலும் ஏறுகிறவர்களை எல்லாம் மனதுக்குள் திட்டிக்கொண்டே போனேன். கையில் நண்டுக் குழம்பு மணத்தது. பக்கத்தில் வந்து இருந்த பெண் ஒரு நிமிடத்தில் எழும்பிப் பின்னால் போய்விட்டாள்.

அண்ணை உள்ளே போயிருக்கவில்லை. விமான நேரங்கள் ஓடுகிற பலகைக்குக் கீழே ஒரு வாங்கில் உட்கார்ந்திருந்தார். மடியில் பை. கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார். சுற்றிலும் சனம் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஓடியது. அவர் மட்டும் ஒன்றுக்கும் அவசரம் இல்லாமல் இருந்தார். அவரைத் தெரியாத ஒருவர் பார்த்தால், போக இடமில்லாமல் வந்து இருக்கிற ஆள் என்றுதான் நினைத்திருப்பார். கொஞ்ச நேரம் தூரத்தில் நின்றேன்.

"நீ என்ன இங்கை?" என்றார் என்னைக் கண்டதும்.

"உங்களுக்கு ஒரு மணித்தியாலம் தரவேண்டிக் கிடக்கு. அதுதான் கொண்டந்தனான்."

சிரித்தார். பிறகு யோசித்தார். "அப்ப உன்ர வீட்டு மணிக்கூடு?"

"அது உங்கட நேரம் அண்ணை. கனகாலமா அப்பிடித்தான் கிடக்கு. நீங்கள்தான் குசினிப் பக்கம் வாறேல்லையே."

அவர் கைக்கடிகாரத்தை மறுபடி கட்டினார். கட்டுகிறதற்கு அவ்வளவு நேரம் எடுக்கத் தேவையில்லை.

நான் போய் இரண்டு தேத்தண்ணி வாங்கி வந்தேன். மூன்றேகாலுக்கு அவர் உள்ளே போனால் போதும். எங்களிடம் சரியாக ஒரு மணித்தியாலம் இருந்தது. வீட்டில் சாப்பாட்டோடு சாப்பாடாகக் கேட்க இருந்ததை, ஊரே போய்வருகிற இடத்தில் பச்சையாகக் கேட்டேன்.

"ஏன் அண்ணை ஒரு நாள் தங்க மாட்டன் எண்டுறியள்? விரிப்பெல்லாம் விரிச்சு வச்சிருக்கிறன். எனக்கும் ஆர் இருக்கினம்?"

அழக்கூடாது என்று வந்தவள் அழுதேன். அண்ணை பையிலிருந்து கைலேஞ்சியை எடுத்துத் தந்தார். அதுவும் நண்டு மணத்தது.

"தங்கினால் பிறகு போகோணும் பிள்ளை."

"இப்பவும் போறியள்தானே."

"இது வேற." தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவள் செத்தாப் போல உன்னட்டை வந்து மூண்டு நாள் நிண்டனான், ஞாபகமோ? சாப்பாடு, கதை, நித்திரை எல்லாம் நல்லாத்தான் இருந்தது. திரும்பிப் போய்க் கதவைத் திறந்தன். அண்டைக்குத்தான் அவள் செத்த மாதிரிக் கிடந்தது. உள்ளுக்குக் கால் வைக்க ஏலேல்லை. படியில இருந்திட்டன். விடிஞ்சாப் பிறகுதான் உள்ளுக்குப் போனனான்."

நான் கைலேஞ்சியை மடித்து மடியில் வைத்தேன்.

"அண்டைக்கு வந்து அண்டைக்கே போனால் வேலைக்குப் போட்டு வந்த மாதிரி. கதவைத் திறக்க ஏலும்."

மூன்று வருடம் நான் விமானத்தோடு கோபித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். வரும்போது முக்கால் மணித்தியாலம், போகும்போது இரண்டே முக்கால் என்று நான் பகிடிக்குச் சொன்னது அவருக்கு உண்மையாகவே இருந்திருக்கிறது. டிக்கெட்டில் சரியாகத்தான் போட்டிருந்தார்கள். எனக்குத்தான் வாசிக்கத் தெரியவில்லை.

மிச்ச நேரத்தில் பெரிதாக ஒன்றும் கதைக்கவில்லை. மூன்றேகாலுக்கு எழும்பினார். "மிச்ச நண்டை நாளைக்குச் சாப்பிடு, எறிஞ்சு போடாதை" என்றார். வரிசையில் நின்று இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து குசினியிலேயே இருந்தேன். வெளியில் இன்னும் நல்ல வெளிச்சம். பக்கத்து வீட்டில் ஆட்களைக் கூப்பிட்டுத் தோட்டத்தில் இறைச்சி சுட்டார்கள், சிரிப்புச் சத்தம் கேட்டது. மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். ஏழே முக்காலுக்கு இறங்கியிருப்பார். வீடு போய்ச் சேர ஒன்பது மணியாகும், அப்போதுதான் ஒரு றிங் வரும்.

எட்டுப் பத்துக்கே போன் அடித்தது. அண்ணைதான். ஒரு றிங் முடிய ஓயும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். ஓயவில்லை. இரண்டு. மூன்று. இவ்வளவு வருடமும் எடுக்காமல் பழகிய கை எழும்ப மாட்டேன் என்கிறது. ஆறாவது றிங்கில்தான் பாய்ந்து எடுத்தேன்.

"என்ன, எடுக்க மாட்டியோ?" என்றார்.

"ஒரு றிங்தானே எண்டு நிண்டனான். என்ன அண்ணை, சுகமில்லையோ?"

"சுகம்தான். ரெயினுக்கு நிக்கிறன். வீட்டை போகுமட்டும் கதை."

கதைத்தேன். ரெயினிலும் கதைத்தேன், டிராமிலும் கதைத்தேன். நண்டுக்கு முருங்கை இலை கூடிப்போனதைச் சொன்னார். பஸ்ஸில் எழும்பிப் போன பெண்ணைப் பற்றிச் சொன்னேன், சத்தமாகச் சிரித்தார். டிராமால் இறங்கினார். சந்தியைக் கடந்தார். கதைத்துக்கொண்டே கட்டிடத்துக்குள் வந்தார். பதினாறு படி மேலே போகிற அதே கட்டிடம். அங்கே நடந்தால் எழும்புகிற சத்தம் எனக்குத் தெரியும். பூட்டில் திறப்பு திரும்பியது. கதவு திறந்தது.

"வந்திட்டன்" என்றார்.

எனக்குச் சொல்லவில்லை. வாய்ப்பழக்கத்தில் உள்ளே பார்த்துச் சொன்னார். சொன்ன பிறகு அப்படியே நின்றுவிட்டார். அந்த வீட்டில் பதில் சொல்ல ஆளில்லாத அமைதி, போனுக்குள்ளால் என் குசினி வரைக்கும் வந்தது. மூன்று வருடமாக ஒவ்வொரு நாளும் இது நடந்திருக்கும்.

"ஓம், வாங்கோ" என்றேன்.

கதவைச் சாத்துவது கேட்டது. பிறகு சப்பாத்தைக் கழற்றுகிற சத்தம் கேட்டது.